செடிகளை மட்டும் போடுங்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். கையெழுத்தைப் பார்த்ததுமே யாரென்று தெரிந்திருக்கும். நம் மாடித் தோட்டச் சங்கத்தின் விதைப் பொட்டலங்களில் இருக்கும் அதே கோணல் எழுத்துதான். நானும் மகளும் உயிரோடு இருக்கிறோம். அவளுக்குச் சளி பிடித்திருந்தது, இப்போது பரவாயில்லை. உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? படியேறி மாடிக்கு வருகிறீர்களா, இல்லை கீழே நின்றபடியே எல்லோரையும் அதட்டுகிறீர்களா?

சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாளே என்று வருத்தப்பட்டிருப்பீர்கள். சங்கத்தில் யார் மேலும் எனக்கு மனத்தாங்கல் இல்லை. என் கத்தரிக்காய்க்கு முதல் பரிசு கொடுத்த அன்று எடுத்த படத்தைச் சங்கத்தின் இணையப் பக்கத்தில் போட்டீர்கள் அல்லவா, அதுதான் காரணம். படத்தில் என்னைச் சேர்க்க வேண்டாம் என்று நான் சொன்னதைக் கூச்சம் என்று எடுத்துக்கொண்டீர்கள். "மூஞ்சி நல்லாத்தானே இருக்கு, எதுக்கு ஒளிஞ்சுக்கிற?" என்று சிரித்தீர்கள். படத்தில் நான், பக்கத்தில் பள்ளிச் சீருடையோடு மகள், கீழே எங்கள் பெயர், வெள்ளிக்கிழமை தோறும் மாலையில் எந்தத் தெருவில் எந்தக் கட்டடத்தின் மாடியில் கூடுகிறோம் என்ற விவரம். ஒன்றையும் நீங்கள் விட்டுவைக்கவில்லை.

அடுத்த வாரம் ஆசையாக ஃபோனைக் கொண்டுவந்து காட்டினீர்கள். "யாரோ ஹார்ட் போட்டு, 'எங்க வீட்டு மகாராணி'ன்னு எழுதியிருக்காரு பாரு. சொந்தக்காரரா?" என்றீர்கள். தெரியாது என்றேன். இடது கையால் ஏன் பூவாளியைத் தூக்க மாட்டேன் என்கிறாய் என்று தையல்கார அக்கா ஒருமுறை கேட்டபோது, படியில் விழுந்துவிட்டேன் என்று சொல்லியிருந்தேன். விழவில்லை, அக்கா. அந்த ஹார்ட்டைப் போட்ட கைதான் தள்ளிவிட்டது.

அன்றைக்கே கிளம்பிவிட்டேன். கொடியில் காய்ந்த துணியைக்கூட எடுக்கவில்லை. இந்த ஊரில் ஒரு சலவைக்கூடத்தில் வேலை கிடைத்தது. மருத்துவமனை விரிப்புகளை இஸ்திரி போட்டு மடிக்க வேண்டும். நீராவியில் முகம் வெந்துபோகும், ஆனால் யாரும் யாரையும் நிமிர்ந்து பார்க்க நேரம் இருக்காது. அதுவே போதும் என்றிருந்தேன். முடியைக் கழுத்தளவுக்கு வெட்டிக்கொண்டேன். மகள் பார்த்துவிட்டு, "அம்மா, நீ யாரோ மாதிரி இருக்க" என்றாள். நல்லதாகப் போயிற்று என்று சொல்லிவிட்டு, குளியலறைக்குள் போய் அழுதேன்.

போன வாரம் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்து மேசைப் பெண் தன் ஃபோனை நீட்டி, "இது உன்னை மாதிரியே இருக்குல்ல?" என்றாள். அதே படம். எங்கள் சகோதரியையும் குழந்தையையும் காணவில்லை, பார்த்தவர்கள் தகவல் தாருங்கள், அனைவரும் பகிருமாறு மனமுருகிக் கேட்டுக்கொள்கிறோம் என்று நம் சங்கம் போட்டிருக்கிறது. மனமுருகி என்று உங்களைத் தவிர வேறு யார் எழுதப்போகிறார்கள்? அதன் கீழே அந்த மனிதர், நான்தான் கணவன், சாப்பிடாமல் தூங்காமல் தேடிக்கொண்டிருக்கிறேன் என்று தன் நம்பரைப் போட்டிருக்கிறார். கவலைப்படாதீர்கள் சகோதரரே, தகவல் வந்தால் முதலில் உங்களுக்குத்தான் சொல்வோம் என்று சங்கம் கைகூப்பிப் பதில் சொல்லியிருக்கிறது. முன்பின் தெரியாத ஊர்க்காரர்களெல்லாம் அதைப் பகிர்ந்திருக்கிறார்கள். அவர் ஒருவராகத் தேடியபோது ஒளிந்துகொள்ள எனக்கு ஏதோ ஓர் இடம் இருந்தது, அக்கா. இத்தனை நல்லவர்கள் சேர்ந்து தேடினால் நான் எங்கே போவேன்? என் சாயலில் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று அந்தப் பெண்ணிடம் சமாளித்தேன். அவள் நம்பியதாகத் தெரியவில்லை.

அந்தப் பதிவை எடுத்துவிடுங்கள். 'கிடைத்துவிட்டாள்' என்றும் போடாதீர்கள், எங்கே என்று கேட்பார்கள். ஏற்கெனவே போன படங்கள் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். அதை இனி உங்களாலும் தடுக்க முடியாது, என்னாலும் முடியாது. இந்தக் கடிதத்தைப் படம் எடுத்துப் போட்டுவிடாதீர்கள். சந்தோஷம் வந்தால் உங்கள் கை சும்மா இருக்காது, அதனால் சொல்கிறேன். உறையின் முத்திரையைப் பார்த்து ஊரையும் தேட வேண்டாம். சலவை வண்டி ஓட்டுகிறவரிடம் கொடுத்து வேறெங்கோ தபாலில் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். இது உங்கள் கைக்கு வரும்போது நாங்கள் இங்கேயும் இருக்க மாட்டோம். மகளிடம் இன்னும் சொல்லவில்லை. இப்போதுதான் அவளுக்குப் பள்ளியில் ஒரு தோழி கிடைத்திருக்கிறாள்.

என் தொட்டிகளை யாருக்காவது கொடுத்துவிடுங்கள். கத்தரிக்கு நிறையத் தண்ணீர் ஊற்ற வேண்டாம், வேர் அழுகிவிடும். சங்கத்தில் புதிதாக யாராவது சேர்ந்து, படம் எடுக்கும் நேரம் பார்த்துக் குனிந்து செருப்பைச் சரிசெய்தால், என்ன ஏது என்று துருவாதீர்கள். போடலாமா என்று மட்டும் கேளுங்கள். வேண்டாம் என்றால் செடிகளை மட்டும் போடுங்கள். அவளிடம் சிரிக்காதீர்கள், அக்கா.

நீங்கள் நன்றாக இருக்க வேண்டும். கூடப் பிறந்தவர்கள்கூட என்னை இப்படித் தேடியதில்லை. அந்த அன்பை நம்பித்தான் கேட்கிறேன். யாராவது என்னைப் பற்றி விசாரித்தால், அப்படி ஒருத்தி இங்கே வந்ததே இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையாக இருந்தவள்