சந்தனம் வைத்த திருகு

வலியசாலை,
புரட்டாசி 28

சிரஞ்சீவி கௌசிக்குக்கு அம்மாவின் அநேக ஆசீர்வாதம். அப்பாவும் நானும் சௌக்கியம். எப்போதும் எழுதுகிற சௌக்கியம் இல்லை, இது நிஜமான சௌக்கியம். போனில் சொல்லாமல் என்ன கடிதம் என்று நினைப்பாய். போன் வந்தால் உன் அப்பா ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார், இது அவர் காதில் விழக்கூடாத சமாசாரம்.

நீ விட்டுவிட்டுப் போன கியர் சைக்கிளில் அப்பா தினம் காலையில் விழிஞ்ஞம் வரை போய் வருவது உனக்குத் தெரியும். இரண்டு வருஷம் முன்னால் ஸ்டென்ட் வைத்தபோது டாக்டர் ஷைலஜா சொல்லி ஆரம்பித்தது. விஜயதசமிக்கு மறுநாள் போனவர் சைக்கிளைப் பெட்டி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு திரும்பினார். ஹார்பர் ஏற்றத்தில் கியரை மாற்றி மிதித்தால் செயின் கடகடவென்று குதித்ததாம், கால் சும்மா சுற்றியதாம், மூச்சு வாங்கி நடுரோட்டில் நின்றுவிட்டாராம். சைக்கிளுக்கு ஒண்ணுமில்லடி, போன வாரம் வரைக்கும் நன்னாத்தானே ஓடித்து, எனக்குத்தான் கால்ல பலம் போயிடுத்து என்று சொல்லி அதைக் கூடத்து மூலையில் சாத்தியவர் அப்புறம் திரும்பிப் பார்க்கவில்லை. ஈசிஜி எடுத்தோம், ஒரு குறையும் இல்லை என்றார் டாக்டர். இவர் நம்பினால்தானே! ஒரு நாள் என்னைக் கூப்பிட்டுப் பென்ஷன் காகிதமெல்லாம் எந்தத் தட்டில் இருக்கிறது என்று காட்டினார். உனக்குச் சொல்லவில்லை என்று கோபிக்காதே, ராட்டர்டாமில் இருந்துகொண்டு நீ என்ன செய்துவிடுவாய்.

ஞாயிற்றுக்கிழமை லிஜோ வந்தான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன், காலையில் அப்பாவோடு சைக்கிளில் வருகிற கோஷ்டியில் ஒருவன். ஸாரைக் காணோமே என்று பார்க்க வந்தவன், அப்பா சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி ஒவ்வொரு கியராக மாற்றினான். செயின் பெரிய பல்சக்கரத்துக்கு ஏறப் பார்க்கிறது, பாதியில் நழுவி விழுகிறது. ஸாரே, காலினு ஒரு குழப்பவுமில்ல, கேபிளா பிரச்னம் என்று சிரித்தான். காலில் ஒரு கோளாறும் இல்லையாம், கியரை மாற்றுகிற கேபிளில்தான் கோளாறாம். பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் அந்தக் கேபிள் நுழைகிற இடத்தில் சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு திருகு இருக்கிறது. அதை யாரோ கடைசி வரை இறுக்கியிருக்கிறார்களாம். அதை இறுக்கினால் கேபிள் தொய்ந்துவிடுமாம், இது என்ன தலைகீழ் நியாயமோ! யாரோ இல்லை கௌசிக், நான்தான். சரஸ்வதி பூஜைக்கு சைக்கிளை மூலைமுடுக்கெல்லாம் துடைத்துச் சந்தனம் குங்குமம் இடும்போது அந்தத் திருகு கையோடு சுழன்றது. ஐயோ, தளர்ந்து கிடக்கிறதே, மனுஷர் எங்கேயாவது விழுந்து வைக்கப் போகிறார் என்று நானே முறுக்கி இறுக்கி அதன் தலையிலும் ஒரு பொட்டு வைத்தேன்.

லிஜோ அதை அரைச்சுற்று தளர்த்துவான், பெடலைச் சுற்றுவான், காதைக் கொடுத்துக் கேட்பான், மறுபடி அரைச்சுற்று. நாலாவது தடவை கடகடப்பு அடங்கிச் செயின் சமர்த்தாக உட்கார்ந்தது. அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருக்கோடி வரை ஓட்டிவிட்டு வந்தார், அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்! யார் இதைத் தொட்டது என்று லிஜோ கேட்டான். நான் காபி கலக்கிற சாக்கில் உள்ளே நழுவிவிட்டேன். ரோடு குலுக்கலில் தானாகத் திரும்பியிருக்கும் என்று அப்பா சொன்னது காதில் விழுந்தது. சிவசிவா, தப்பித்தேன் என்று நினைத்தேனே தவிர மனசு ஆறவில்லை. ஒன்பது நாள் அவரைக் கிழவராக்கி உட்கார வைத்தது நான். அவரிடம் சொல்ல வாய் வரவில்லை, உன்னிடமாவது சொல்கிறேன்.

இதுவரை நேற்று எழுதியது. இன்று அப்பா அந்த ஏற்றத்தில் ஓரிடத்திலும் இறங்காமல் மிதித்துவிட்டு வந்தார். செருப்பைக் கழற்றும்போதே, சுப்பு, அடுத்த வருஷம் சந்தனம் ஹாண்டில்ல மட்டும் வெச்சாப் போறும் என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. லிஜோ விரல் வைத்துக் காட்டியபோதே பொட்டைப் பார்த்துவிட்டு, அவன் கவனிப்பதற்குள் துண்டால் துடைத்துவிட்டாராம். அன்னிக்கே ஏன் என்னைக் கேக்கலை என்றேன். நான் விழக்கூடாதுன்னுதானே இறுக்கினே, அதுல கேக்க என்ன இருக்கு என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

பென்ஷன் காகிதம் எந்தத் தட்டு என்று நான் மறந்தே போய்விட்டேன், மறுபடி காட்டவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தீபாவளியன்று எண்ணெய் தேய்த்துக்கொள்ளாமல் இருக்காதே. அங்கே மழையில் சைக்கிளில் போகும்போது ஹெல்மெட் போடு, ஏதாவது சத்தம் கேட்டால் உன் உடம்பைச் சந்தேகிக்குமுன் சைக்கிளைப் பார். தீர்க்காயுசாக, ஒரு குறையும் இல்லாமல் இரு.

ஆசிகளுடன்,
உன் அம்மா சுப்புலக்ஷ்மி