ஊதா அணையாத சாடி

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், நம் கல்லூரி ஆய்வகத்துக் காற்றுப் பம்பின் பெல்ட் இன்று முற்பகல் அறுந்து காலமானது. குப்பைக்கூடையில் அடக்கம். மாலை போட ஆள் வரவில்லை.

நீ இருந்தால் சிரித்திருப்பாய். எண்ணெயும் கருகிய ரப்பரும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறியதும் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. உன் சட்டையில் எப்போதும் இருந்த வாடை அது.

கண்காட்சிக்காக நாம் இருவரும் பூட்டிய கண்ணாடிச் சாடி. உள்ளே ஒரு பித்தளைத் தகடு. மின்சாரம் விட்டால் உள்ளே மிஞ்சிய காற்று ஊதாவாக ஒளிரும். பம்பு காற்றை முழுக்க உறிஞ்சிவிட்டால் ஒளி அணைந்து இருட்டாகும். அந்த இருட்டுதான் நமக்கு வேண்டியது. தகடு அழகாக இருக்கட்டும் என்று நிக்கல் முலாம் பூசச் சொன்னது நான். சைக்கிள் கைப்பிடிக்கு முலாம் பூசும் பாய், "தம்பி, இதுல மொகம் பாத்துச் சவரமே செய்யலாம்" என்று நீட்டினார். எனக்கு ஏது மீசை!

பம்பு நாள்கணக்கில் ஓடியும் ஊதா போகவில்லை.

"எங்கனயோ ஓட்டைலே" என்றேன்.

"ஓட்டை இல்ல, ஒன் பளபளப்புதான். முலாம் பூசும்போது உள்ள போன வாயு இப்பம் கொஞ்சங்கொஞ்சமா வெளிய வருது. கழுவி மாட்டி, சுடவச்சிக்கிட்டே உறிஞ்சணும்."

"தகடு பெருமூச்சு விடுதோ?"

"நீ வாய மூடு, அதுவும் மூடும்."

கழுவிய தகட்டைத் துணியால்தான் பிடிக்கவேண்டும். விரல் பட்டால் அந்தப் பிசுக்கும் ஆவியாகும் என்று என் கையில் எத்தனை அடி போட்டிருக்கிறாய். கடைசியாக மாட்டிய அன்று உனக்குக் காய்ச்சல். தகடு நழுவியது, வெறுங்கையால் பிடித்துவிட்டாய். "நாளைக்குக் கழுவிக்கிடலாம்லே" என்றாய்.

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியிலிருந்து உன்னை வெள்ளைத் துணியில் சுற்றி வாடகைக் காரில் கொண்டுவந்து இறக்கினார்கள். உன் அம்மா என் கையைப் பிடித்து, "அவனுக்குக் காய்ச்சல்னு ஒனக்குத் தெரியுமாய்யா?" என்று கேட்டார்கள்.

நேற்று கண்காட்சி. நம் சாடி முழு இருட்டு. ஒரே கைதட்டல். கரிசல் சீமையின் வெற்றிட ராஜா நான்தான் என்று ரயில் நிலையம் வரைக்கும் அளந்துவிட்டு வந்தேன்.

உன்னிடம் மட்டும் சொல்கிறேன். மின்கம்பியை உருவி வைத்துவிட்டுத்தான் இருட்டைக் காட்டினேன். கம்பியை மாட்டினால் ஊதா அப்படியே இருக்கிறது. தகட்டைக் கழுவினால் போய்விடும். அதில் உன் பெருவிரல் ரேகை இருக்கிறது.

கழுவ மனசு வரலைலே.