பேய் விழுந்த படம்

பிப்ரவரி 4

இன்று பதினொரு படங்களுக்கு எல்லை வரைந்தேன். கழுத்து பிடித்துக்கொண்டது. ஸ்கேன் படத்தில் மார்பகக் கட்டியைச் சுற்றி மவுஸால் கோடு போடுவதுதான் என் வேலை. கோட்டுக்குள் இருப்பதை கம்ப்யூட்டர் அளந்து சொல்லும். "படம் வரையவா உனக்குச் சம்பளம்?" என்று அக்காவுக்கு இதில் தீராத கிண்டல்.

இருந்தது. அவள் போய் இரண்டு வருடமாகிறது, 'இருந்தது' என்று எழுத இன்னும் கை பழகவில்லை.

பிப்ரவரி 6

புது ஸ்கேன் வந்துவிட்டது. டாக்டர் எங்களை உட்கார வைத்து விளக்கினார். கட்டி அவசர அவசரமாக வளருமாம். ரத்தத்தால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. நடுவில் மாட்டிக்கொண்ட செல்களுக்கு ஆக்ஸிஜன் போதாமல் மூச்சு முட்டும். உடனே புது ரத்தக் குழாய் போடச் சொல்லி அக்கம்பக்கத்தை நச்சரிக்கும். அவசரத்தில் முளைத்த குழாய் என்பதால் ஒழுகும். நாங்கள் இதுவரை ஊசியில் ஏற்றிய சாயம் அந்த ஒழுகலைத்தான் காட்டியது: ஓரத்தில் வெளிச்சமாக ஒரு வளையம், நடுவில் இருட்டு.

அந்த இருட்டுக்கு எங்கள் அறையில் 'செத்த இடம்' என்று பெயர். எல்லை வரையும்போது அதை விட்டுவிட வேண்டும். கையேட்டில் எட்டாவது விதி. எழுதியது நான்தான்.

புது ஸ்கேனுக்கு ஏற்றுகிற மருந்து வேறு ஜாதி. ஆக்ஸிஜன் குறைந்த செல்லில் ஒட்டிக்கொண்டு ஒளிரும். ஆனால் செல்லுக்கு உயிர் இருக்க வேண்டும், செத்ததில் ஒட்டாது.

"உங்க செத்த இடம் நிஜமாவே செத்துதான் கிடக்குதான்னு பாத்துடலாம்," என்றார் டாக்டர். எல்லோரும் சிரித்தோம்.

பிப்ரவரி 13

சாகவில்லை.

பிப்ரவரி 14

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை. முப்பத்தொன்றாம் எண் பெண்ணின் படம். எங்களுக்குப் பெயர் தெரியாது, எண் மட்டும்தான். சாயம் ஏற்றிய படத்தில் நடுவே கும்மிருட்டு. அதே இடம் புது ஸ்கேனில் தகதகவென்று ஒளிர்கிறது.

விதி எட்டின்படி அளந்தால் அவளுடைய கட்டி மூன்று வாரத்தில் பாதியாகிவிட்டது. கட்டிக்குக் கொடுக்கிற அதே மருந்தைத் தொடரலாம். நடுவையும் சேர்த்து அளந்தால் இம்மிகூடக் குறையவில்லை. மருந்தை மாற்ற வேண்டும். ரத்தம் போகிற ஓரத்துக்குத்தான் மருந்தும் போயிருக்கிறது. முடிவு இருபத்தெட்டாம் தேதி. என் கோடு எங்கே போகிறதோ அதுதான் முடிவு.

"ஒரு படத்தை வச்சு விதியை மாத்த முடியாதும்மா," என்றார் டாக்டர். "முதல் ஆய்வோட படங்களைத் தேடுங்க. நாம குறைஞ்சுதுன்னு சொல்லி, அப்புறம் மோசமானது ஏதாவது இருக்கும்."

முன்பு நடந்த அந்த முதல் மருந்து ஆய்வில் நாற்பது பேர். அதில் ஒருத்தி அக்கா. சேர்த்துவிட்டது நான். எந்த எண் என்று தேடக்கூடாது, நானும் தேடியதில்லை. தேடாமல் இருப்பதுதான் நேர்மை என்று நினைத்தேன். நேர்மைதானா? பயமில்லையா?

பிப்ரவரி 18

முதல் ஆய்வின் பதினாலாம் எண்.

வளையம் சுருங்கியிருக்கிறது. நடு இருட்டு அப்படியே இருக்கிறது, பெருத்தும் இருக்கிறது. நான் அதை விட்டுவிட்டுக் கோடு போட்டு, 'பாதியாகக் குறைந்தது' என்று எழுதியிருக்கிறேன். கீழே என் கையெழுத்திலேயே இன்னொரு குறிப்பு: 'பேய் விழுந்துள்ளது. நோயாளி அசைந்தார்.'

ஸ்கேனுக்குள் படுத்திருப்பவர் அசைந்தால், உருவத்தின் ஓரம் மங்கலாகத் திரும்பத் திரும்பப் பக்கத்தில் விழும். அதற்கு எங்கள் தொழிலில் பேய் என்று பெயர். பகலெல்லாம் பேய் பார்க்கிற பிழைப்பு, ஒருநாளும் பயந்ததில்லை. இன்று அந்த மங்கல் கோடுகளைப் பார்த்ததும் படத்தை மூடிவிட்டுத் திரும்பத் திறந்தேன். இருமினால் இப்படி விழாது. இது உடம்பு குலுங்கியது. விட்டு விட்டு, அடக்கி அடக்கி.

பிப்ரவரி 19

ஸ்கேன் எடுத்துவிட்டு வந்த அன்று அக்கா சொன்னது:

"குப்புறப் படுக்க வச்சு, ரெண்டு ஓட்டையில ரெண்டையும் தொங்கவிட்டுட்டு, 'அசையாதீங்கம்மா'ன்னு மைக்ல ஒருத்தர் சொல்றாருடி. எனக்கு வந்துச்சு பாரு ஒரு சிரிப்பு! மூணு தடவை திட்டு வாங்கினேன்."

பதினாலாம் எண்ணுக்கு மூன்று தடவை திருப்பி எடுத்திருக்கிறார்கள்.

இருக்காது. யார்தான் அசைய மாட்டார்கள்.

பிப்ரவரி 20

ஸ்கேன் எடுக்கிற மெஷின்காரரிடம் பேச்சுவாக்கில் கேட்பதுபோல் கேட்டேன். மெஷினுக்குள் சிரித்தவர்கள் யாராவது ஞாபகம் இருக்கிறார்களா என்று.

"அழுதவங்க நிறைய பேர். சிரிச்சவங்க ஒருத்தங்கதான்," என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். "உங்க அக்காதானேம்மா."

பிப்ரவரி 21

நான்தான். நானேதான். அவ மூச்சுமுட்டிக் கிடந்த இடத்தைச் செத்ததுன்னு எழுதி வச்சிருக்கேன். உயிரோட இருந்ததை. ஆறு வாரம் அதே மருந்து. ஆறு வாரம்! 'பாதியாயிடுச்சாம்டி'ன்னு அவ போன்ல கத்தினப்போ நானும் சேர்ந்துதானே கத்தினேன்?

பிப்ரவரி 22

எங்கே பார்த்தாலும் வளையம். காபி டம்ளர் மேசையில் விட்ட ஈரத்தைத் துடைத்துவிட்டு, துடைத்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எந்தப் படத்தைத் திறந்தாலும் சிரிப்பைத் தேடுகிறேன். யாருமில்லாத ஸ்கேன் அறையில் மைக் கரகரத்தது. அவள்தான் என்று ஒரு கணம் நம்பினேன். சொன்னால் சிரிப்பார்கள்.

பிப்ரவரி 24

பதினாலைச் சான்றாக வைக்கக் குடும்பத்தின் சம்மதம் வேண்டும். அதாவது அத்தானின் கையெழுத்து. அக்கா போன அன்று அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது: "நீ சேர்த்துவிட்டதாலதான் அவளுக்கு ஒரு வருஷம் கூடக் கிடைச்சுது." அன்றிலிருந்து அந்த வார்த்தையில்தான் என் காலம் ஓடுகிறது.

பதினாலு யார் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டேன். நல்லவர். "வேற யாரையாவது அனுப்பி வாங்கிக்கறேன். கோடு போட்டது யாருன்னு அவர்கிட்ட சொல்லணும்னு இல்லை," என்றார்.

ஆசையாக இருந்தது. மதியம் வரை ஆசையாகவே இருந்தது.

பிப்ரவரி 25

போனேன். அத்தான், மகளின் பள்ளிச் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். விதி எட்டு, என் கோடு, பேய், சிரிப்பு, அவளை நான் எப்படிக் கண்டுபிடித்தேன் என்பது வரை. அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"மருந்தை மாத்தியிருந்தா பொழச்சிருப்பாளா?"

"தெரியாது அத்தான். யாருக்குமே தெரியாது. ஆறு வாரம் வீணாச்சு, அது மட்டும்தான் தெரியும்."

"இப்ப இதை எதுக்கு எங்கிட்ட சொல்ற?"

"இன்னொருத்தங்க இருக்காங்க. இதே மாதிரி. இருபத்தெட்டாம் தேதிக்குள்ள..."

பேனாவை வாங்கிக்கொண்டார். 'உறவு' என்ற இடத்தில் 'கணவர்' என்று எழுதுவதற்கு வெகுநேரம் எடுத்தது. காகிதத்தை நீட்டியபோது என்னைப் பார்க்கவில்லை.

"கொஞ்ச நாளைக்கு இந்தப் பக்கம் வராத," என்றார்.

பிப்ரவரி 28

விதி எட்டை அடித்துவிட்டோம். முப்பத்தொன்றுக்குப் புதிதாகக் கோடு போட்டேன், இருட்டையும் உள்ளே சேர்த்து. 'குறையவில்லை.' அவளுக்கு மருந்தை மாற்றுகிறார்கள்.

மார்ச் 9

அத்தான் போன் செய்யவில்லை. நானும் செய்யவில்லை. எந்த முகத்தோடு செய்வது?

மார்ச் 22

அக்கா மகளின் பிறந்தநாள். வாங்கிய சட்டை அலமாரியில்.

ஏப்ரல் 11

முப்பத்தொன்றின் மறுபடம் வந்தது. வெளிவளையம் பாதிக்கும் கீழே. நடுவில் இருட்டு. புது ஸ்கேனைத் திறப்பதற்கு முன் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். ஒளிரவில்லை. எங்குமே ஒளிரவில்லை. ஒளிரும் மருந்து போய்ச் சேர நேரமாகுமோ என்று ஒரு மணி நேரம் கழித்து எடுத்ததையும் பார்த்தேன், அதிலும் இல்லை. குறிப்பில் 'செத்த இடம்' என்று எழுதினேன். இத்தனை வருடத்தில் சோதித்துப் பார்த்துவிட்டு அதை எழுதுவது இதுதான் முதல் முறை.

சாயங்காலம் அத்தானிடமிருந்து போன். ஆறு வாரத்துக்கும் மேலாகிவிட்டது.

"அந்தப் பொம்பள எப்படி இருக்காங்க?"

"அதை வெளிய சொல்லக்கூடாது அத்தான்."

"சரி, சொல்லாத."

வைக்கப் போகிறார் என்று நினைத்தபோது கேட்டார்:

"அவ சிரிச்சான்னியே, அந்தப் படம் இன்னும் இருக்கா?"

"இருக்கு. ஆனா ஒண்ணும் புரியாது அத்தான், எல்லாம் கலங்கிக் கிடக்கும். திரும்ப எடுத்தது தெளிவா இருக்கு, வேணும்னா அதை..."

"தெளிவா இருக்கறது வேண்டாம்."

மெஷின்காரரிடம் அச்செடுத்துத் தரச் சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமை வீட்டுக்கு வரச் சொன்னார் அத்தான்.