எட்டு அசையில் அக்காவின் பெயர்

மே 7, வியாழன்
காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. காருக்கு வாரண்ட், ஓடத் தகுதி என்ற சான்று, முடிகிறது.

ஆக்லாந்து மவுண்ட் ரோஸ்கில் மண்டபத்தில் எலேனாவின் ஐந்தாவது வகுப்பு. மெக்சிக்கோக்காரி, தன் நாட்டுக் கதைப்பாட்டான கொரிதோ எழுதக் கற்றுத் தருகிறாள். வகுப்பில் எல்லோரும் வந்தேறியவர்கள். ஆளுக்கொரு குடும்பக் கதை. விதிகள்: நாள், இடம், ஆளின் முழுப் பெயர். அடிக்கு எட்டு அசை, எங்கள் நேர் நிரை அல்ல, உயிரொலிக்கு ஒன்றாக மேசையில் தட்டி எண்ணுவாள். நடந்ததை மட்டும் சொல்ல வேண்டும். திட்டக் கூடாது.

நான் கொண்டுபோனது, யாழ்ப்பாணத்தைவிட்டு நாங்கள் தப்பிய படகுப் பயணம் பற்றி இருபத்திரண்டு நாலடிக் கண்ணி. ஆங்கிலத்தில் பொருள் சொன்னேன். பதின்மூன்றை வெட்டிவிட்டாள். அக்காவின் கணவர், அத்தானைப் பற்றி ஏழு. தமிழ்ச் சங்கச் செயலாளர் பதவியிலிருந்து என்னைக் கழற்றிவிட்டவர்கள் பற்றி நான்கு. என் பதவி உயர்வைக் கெடுத்த மேலாளர் பற்றி இரண்டு. இவர்களில் யார் அந்தப் படகில் இருந்தார்கள் என்று கேட்டாள். அத்தான் மட்டும், அவரும் படுத்திருந்தார். "அப்படியானால் ‘படுத்திருந்தார்’ என்று மட்டும் எழுது."

கோபத்தோடு பஸ் ஏறினேன். இறங்கும்போது தெளிந்தது: ஏழு கண்ணியைவிட அந்த ஒரு சொல் நன்றாகக் குத்துகிறது.

மே 10, ஞாயிறு
வெயில். பாபகூராவில் அக்கா வீடு.

நடந்தது இது, இனி யாரும் மாற்றக் கூடாது என்று எழுதி வைக்கிறேன். போர்க்காலம், கிளாலிக் கடலேரி. முன்னால் ஒரு மோட்டார்ப் படகு, பின்னால் கயிற்றில் கட்டிய நான்கு வள்ளங்கள். நாங்கள் கடைசியில். கயிறு கழன்றது. அக்கா குதித்துக் கயிற்றைப் பிடித்தார். திரும்பக் கட்டும்வரை தண்ணீரில் நின்றார். எனக்குப் பதினான்கு வயது. பார்த்தேன். அத்தான் கடல் ஒத்துக்கொள்ளாமல் சத்தியெடுத்துக்கொண்டு படுத்திருந்தார்.

ஆக்லாந்து வந்தபின் அத்தான் விருந்துகளில் முதலில் "நாங்கள் குதிச்சம்" என்றார். பிறகு "நான்". இன்றும் சொன்னார், கோழிக்கறியோடு.

அத்தானுடைய அறுபதாவது பிறந்தநாளில் இந்தக் கொரிதோவைப் பாடப்போவதை அக்காவிடம் சமையலறையில் சொன்னேன்.

"என்ர பேரைப் போடாதை, தம்பி."

"முழுப் பேர் வரவேணும் அக்கா. அதுதான் விதி."

"அந்த மனுசன் சொல்லிட்டுப் போகட்டும், விடு."

முப்பது வருடமாகச் சொல்கிறார். போகவில்லை.

"அப்ப ஆர் குதிச்சதெண்டு நீங்களே சொல்லுங்கோ."

வெங்காயம் வெட்டினார். பிறகு, "சரியான குளிர் தண்ணி" என்றார். அவ்வளவுதான்.

மே 14, வியாழன்
காற்று. வாரண்ட் கிடைத்தது. பின் டயர் இரண்டும் புதிது.

அக்காவின் பெயரை நான் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. யாரும்தான். அக்கா, மச்சாள், பெரியம்மா, அத்தானுக்கு "இஞ்சேர்". இன்று வகுப்பில் சத்தமாகச் சொன்னேன்: மங்கையர்க்கரசி. எலேனா தட்டினாள். ஆறு. அக்காவைச் சேர்த்தால் எட்டு! மேசையை ஓங்கி அடித்துத் தன் மொழியில் ஏதோ கத்தினாள். எவ்வளவு காலமாயிற்று, இப்படிச் சந்தோஷப்பட்டு.

ஒன்பது கண்ணி. ஒரு வசவும் இல்லை.

மே 23, சனி
மழை விட்டது. பாபகூரா மண்டபம். அத்தான் பட்டு வேட்டி, மாலை. சங்கத்துக்காரர்கள் முன்வரிசையில் (இருக்கட்டும்). எலேனா கிட்டாரோடு. பின்வரிசையில் குசுகுசுப்பு:

"ஆர் இது?"

"மெக்சிக்கோவாம்."

"அங்கயும் எங்கட ஆக்கள் இருக்கினமோ?"

முதல் கண்ணியில் சபையிடம் அனுமதி. அடுத்து நாள், இடம். "படுத்திருந்தார்" வந்தபோதும் அத்தான் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். பிறகு ஐந்தாவது:

மங்கையர்க்கரசி அக்கா
மார்பளவுத் தண்ணீரிலே
இடக்கையில் கயிறோடு
பதினாறு பேரைக் காத்தாள்

அத்தானின் சிரிப்பு நின்றது. எலேனா கிட்டாரை விடவில்லை.

பின்னாலிருந்து, பலகாரத் தாம்பாளத்தோடு நின்ற அக்கா: "தம்பி, பொறு. இடக்கை இல்லை, வலக்கை."

எல்லாத் தலையும் திரும்பிற்று.

அத்தான், யோசிக்காமலே: "ஓம், வலக்கைதான். இடக்கையில என்ர புதுச் செருப்பெல்லே வைச்சிருந்தவள்."

மண்டபம் சிரிப்பில் வெடித்தது. சங்கத் தலைவர் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். என்ன சொன்னோம் என்பது அத்தானுக்கு அப்போதுதான் உறைத்தது. மாலைக்குள் முகத்தைப் புதைத்தார். தோள் குலுங்கியது, அவருக்கும் சிரிப்புத்தான்.

அக்கா தாம்பாளத்தை மேசையில் வைத்துவிட்டு நடு வழியால் நடந்து முன்னால் வந்தார். அத்தானுக்குப் பக்கத்துக் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இப்பப் பாடு. பேரிலயிருந்து."