ஆள் வருது

பாண்டிச்சேரி போய்வந்ததிலிருந்து அந்தப் பையைத் தொடவே இல்லை. இன்றைக்குத் துவைக்கலாம் என்று எடுத்து உதறினால் மணல் கொட்டுகிறது. கூடவே ஒரு எலுமிச்சம்பழம் உருண்டு அடுப்படிவரை போனது. தோல் சுருங்கிவிட்டது, ஆனாலும் மோந்தால் வாசனை இருக்கிறது. எனக்கு அது உன் வாசனை. சங்கராபுரத்திலிருந்து கள்ளக்குறிச்சி போவதற்குள்ளேயே உனக்குக் குமட்டும். தினமும் ஒரு பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டுதான் வேலைக்கு வருவாய்.

போன தையில் நாலு பேராகப் போனோம். பொங்கல் வியாபாரம் முடிந்ததும் ஜவுளிக்கடையில் கொடுக்கிற ஒரு நாள் லீவு அது. இந்தத் தையில் நான், செல்வி, நூர்ஜஹான், மூன்றே பேர். நான் வரவில்லை என்றுதான் சொன்னேன். "அவ இருந்தா உன்ன சும்மா வுடுவாளா?" என்றாள் செல்வி. உன் பேரைச் சொல்லி என்னை மடக்கக் கற்றுக்கொண்டுவிட்டாள், கழுதை.

பஸ்ஸில் சீட்டு பிடிப்பதில் உன்னை மிஞ்ச ஆள் ஏது? வண்டி நிற்பதற்கு முன்னாலேயே கூட ஓடி, ஜன்னல் வழியாகப் பையை வீசுவாய். "நாள் பூரா கடையில நின்னாச்சு, பஸ்ஸுலயாவது குந்திக்கினு போவலாம்டீ" என்பாய். நாங்கள் மூவரும் மசால்வடை வாங்கிக்கொண்டு ஆடி அசைந்து வருவோம். அதுவரைக்கும் யார் வந்து கேட்டாலும் உனக்கு ஒரே பதில்தான். "ஆள் வருதுங்க."

ஆடி மாசம் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோனதற்கப்புறம் நான் சீட்டு பிடிப்பதில்லை. இடம் காலியாக இருந்தாலும் நின்றுகொண்டே போகிறேன். பக்கத்தில் வேறு யாரோ வந்து உட்காருவதை என்னால் தாங்க முடியவில்லை, அவ்வளவுதான்.

அன்றைக்குக் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் விழுப்புரம் பஸ் திரும்பியதும் எனக்கு என்ன வந்ததோ, ஓடிப்போய்ப் பையை வீசிவிட்டேன். செல்வியும் நூர்ஜஹானும் முன் சீட்டில். பின் சீட்டில் நான். ஜன்னலோரம், உன் இடத்தில், பை. அதில் ஒரு எலுமிச்சம்பழமும் வாங்கிப் போட்டிருந்தேன். எதற்கு என்று கேட்காதே.

உளுந்தூர்பேட்டையில் ஒரு அம்மா பூக்கூடையோடு ஏறினார்கள். "ஆள் வருதாம்மா?"

"வருதுங்க."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. பஸ் கிளம்பி டோல்கேட்டும் தாண்டியது. அந்தம்மா கம்பியைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார்கள், பையைப் பார்த்தார்கள். "பஸ்ஸு போய்க்கினே இருக்குது. இன்னும் எங்கேர்ந்தும்மா வரும் உங்க ஆளு?"

நாலு பேர் சிரித்தார்கள். பையை எடுத்து மடியில் வைத்திருந்தால் முடிந்தது கதை. நான் அதை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். செல்வி திரும்பி, "இன்னாடீ பண்ற? அவங்கள குந்த வெய்யி" என்றாள். எனக்குச் சுள்ளென்று கோபம். "நான் புடிச்ச சீட்டு" என்றேன். நூர்ஜஹான் எழுந்து அந்தம்மாவுக்குத் தன் இடத்தைக் கொடுத்துவிட்டு, விழுப்புரம்வரை எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

பாண்டிச்சேரியில் எனக்கு ஒன்றும் ஒட்டவில்லை. கோயிலில் நின்றால் கடலுக்குப் போகலாம் என்றேன், கடலுக்குப் போனால் வீட்டுக்குப் போகலாம் என்றேன். "காலுல சுடுதண்ணிய ஊத்திக்கினியா?" என்று செல்வி எரிந்து விழுந்தாள். அந்த மஞ்சள் சுவர் வீடுகள் இருக்கிற தெருவில், "இன்னா சுத்தம் பாரு, இந்த வூட்டுல மனுசங்க இருக்காங்களா இல்லியா?" என்று போன தடவை நீ கதவிடுக்கில் எட்டிப் பார்த்து, காவல்காரரிடம் பேச்சு வாங்கினாயே, அந்தக் கதவைத் தாண்டும்போது ஓட்டமும் நடையுமாகப் போனேன்.

கடற்கரையில் அவர்கள் தண்ணீரில் இறங்கினார்கள். நான் பாறைமேல் எல்லோர் செருப்பையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். போன தடவை அது உன் வேலை. பஸ்ஸில் வந்த மயக்கம் தெளியாமல், "நீங்க போங்கடீ, நான் அடுத்த வாட்டி எறங்கறேன்" என்றாய். அடுத்த வாட்டியாம். இந்தா, வந்துவிட்டது. எங்கேடீ நீ?

நூர்ஜஹான் ஈரக் காலோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "எனக்கும்தான் அவ இல்லாம ஒண்ணுமே புடிக்கல" என்றாள். காலில் ஒட்டிய மணலைத் தட்டியபடி, "ஆனா அவ இருந்திருந்தா அந்தம்மாவ நிக்க வெச்சிருப்பாளா? சொல்லு" என்றாள்.

அடித்துப் பிடித்து இடம் போடுவாய். அப்புறம் பிள்ளையோடு யாராவது ஏறினால் முதலில் எழுந்துகொள்வதும் நீதான். பழத்தை மோந்தபடி, கண்ணை மூடிக்கொண்டு, கள்ளக்குறிச்சிவரை நின்றே வருவாய். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். செருப்பெல்லாம் என் மடியிலேயே இருந்தது.

சாயங்காலம் விழுப்புரம் பஸ்ஸில் கூட்டம் தாங்கவில்லை. மறுபடியும் பையை வீசினேன். பழக்கம் விடுமா? ஒரு பெண் பக்கத்தில் வந்து நின்றாள். எங்களை மாதிரியே ஏதோ கடையில் வேலை செய்கிறவள் போலிருக்கிறது, யூனிஃபார்ம் சேலை, கால் வீங்கி இருந்தது. ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றபடி கேட்டாள். "ஆள் வருதாக்கா?"

முன் சீட்டில் இரண்டு தலையும் சட்டென்று திரும்பின.

பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். "வரலம்மா," என்றேன். "உக்காரு."

நீ போய்விட்டாய் என்று உன் சாவு வீட்டில்கூட என் வாயால் நான் சொன்னதில்லை. அந்தப் பெண்ணிடம்தான் முதலில் சொன்னேன். அவள் உட்கார்ந்த உடனே தூங்கி, என் தோளில் சாய்ந்துவிட்டாள். தோள் மரத்துப்போயிற்று. எழுப்பவில்லை.

நாளைக்குக் காலையில் வேலைக்குப் போகிற பஸ்ஸில் சீட்டு பிடிக்கப்போகிறேன். யார் கேட்டாலும் நகர்ந்து இடம் கொடுப்பேன், சரியா? ஆனால் இந்தப் பழம் காய்ந்துவிட்டது, போகிற வழியில் வேறொன்று வாங்கிப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். "உனக்குத்தான் பஸ்ஸுல ஒண்ணும் பண்ணாதே, எதுக்குடீ பழம்?" என்று கேட்பாய்.

கேளேன்.