வசதியான இடத்துக்கு நகர்ந்த படை

அன்பு மகள் சுண்டெலிக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் நலம், நீ நலமா என்று கேட்டுத் தொடங்குவது வழக்கம். இந்த முறை அந்தக் கேள்வியை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்கிறேன். உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. எல்லாம் நன்றாகவே போகிறது, இன்னும் வசதியான இடத்துக்கு வீடு மாறியிருக்கிறேன், அவர் வேலை விஷயமாக வெளியூரில் இருக்கிறார், கவலைப்பட ஒன்றுமில்லை என்று எழுதியிருந்தாய். அம்மாவுக்கு இரண்டு தரம் படித்துக் காட்டினேன். மூன்றாம் தரம் தனியாகப் படித்தபோது முதலில் சிரிப்பு வந்தது, பிறகு உறையை எடுத்து உன் விலாசத்தை இன்னொரு தரம் பார்த்தேன். ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்.

சண்டைக் காலத்தில் நான் மாலைப் பத்திரிகையில் தலைப்பு எழுதிக்கொண்டிருந்தது உனக்குத் தெரியும். அப்போது உனக்கு ஐந்து வயது. தினமும் பதினொரு மணிக்குத் தணிக்கை அதிகாரி சிவப்புப் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு வந்துவிடுவார். தோல்வி, பின்வாங்கல், பற்றாக்குறை, இந்த மூன்று வார்த்தையும் பத்திரிகையில் வரக் கூடாது. மழையும் வரக் கூடாது, நம் வானிலை எதிரிக்குத் தெரிந்துவிடுமாம். ஆபீஸ் கூரை ஒழுகுகிறது, மனிதர் ஒரு கையில் குடையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் மழைச் செய்தியை அடித்து நீக்குகிறார். நம் ஆட்கள் தலைதெறிக்க ஓடி வந்தால் 'நமது படை இன்னும் வசதியான இடத்துக்கு நகர்ந்தது' என்று போட வேண்டும். கடையில் முட்டை கிடைக்கவில்லையே, அதற்கு என்ன தலைப்பு என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "முட்டையும் நகர்ந்துச்சுன்னே போடுங்க" என்றார். போட்டேன். மறுநாள் ஐம்பது பேர் கூடையோடு ஆபீஸ் வாசலில் வந்து நின்று, எந்த இடத்துக்கு நகர்ந்தது என்று விலாசம் கேட்டார்கள்.

பாலம் ஒன்று இருந்தது. அதை ஆறு முறை பிடித்தோம், நடுவில் ஒரு முறைகூட இழக்கவில்லை. தினமும் ஐந்து மைல், பத்து மைல் என்று முன்னேறிக்கொண்டே இருந்தோம். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் அந்த மைலையெல்லாம் கூட்டிப் பார்த்து ஆசிரியருக்குக் கடிதம் எழுதினார், உங்கள் தலைப்புகளின்படி நமது படை போன புதன்கிழமையே எதிரியின் தலைநகரைத் தாண்டிவிட்டது, இப்போது கடலுக்குள் முப்பது மைல் தூரத்தில் இருக்க வேண்டும், அவர்களுக்கு நீச்சல் தெரியுமா என்று. தணிக்கை அதிகாரி அதைப் படித்துவிட்டு வெளிறிப்போனார். "படை இருக்கிற இடம் இந்த ஆளுக்கு எப்படித் தெரிஞ்சது?" என்று கேட்டு இரண்டு காவலரை வாத்தியார் வீட்டுக்கு அனுப்பினார். எங்கள் ஆசிரியர் அதைவிடக் கெட்டிக்காரர். மறுநாள் முதல் பக்கத்தில் 'கடலிலும் முன்னேற்றம்' என்று போடச் சொன்னார். நான்தான் போட்டேன், வெட்கமே இல்லாமல்.

நீ எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றதும் அந்தத் தலைப்புகளில்தான், வீட்டில் வேறு காகிதம் கிடையாது. ஒரு நாள் தண்ணீர் ஜாடியை உடைத்துவிட்டு, அம்மா வருவதற்குள் ஓடி வந்து, "இழப்பு ஏதுமில்லை" என்றாய். நான் விழுந்து விழுந்து சிரித்தேன், அக்கம்பக்கத்தில் எல்லாரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டேன். கடைசியில் ஊரையே காலி செய்யச் சொன்ன நாளில் நான் எழுதிய தலைப்பு 'நகர மக்கள் உற்சாகப் பயணம்'. அச்சாகி வந்த முதல் பிரதியோடு வீட்டுக்கு ஓடி வந்து மூட்டை கட்டினேன். வண்டி கிடைக்கவில்லை, அம்மா தலையில் பாத்திர மூட்டையோடு நடந்தாள், நீ என் தோளில் உட்கார்ந்து அந்தத் தலைப்பையே உரக்கப் படித்துக்கொண்டு வந்தாய். பக்கத்தில் தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு நடந்த ஒருவர், "எந்தப் புண்ணியவான் எழுதினான் இதை?" என்று கேட்டார். தெரியவில்லை என்றேன்.

இப்போது உன் கடிதத்துக்கு வருகிறேன். அது நான் எழுதிய முதல் பக்கம், வரிக்கு வரி. அந்த மொழியை உனக்குச் சொல்லிக்கொடுத்தவனையே அதை வைத்து ஏமாற்றப் பார்க்கிறாயே. வசதியான இடம் என்கிறாய், விலாசத்தில் வீட்டு எண்ணோடு அறை எண்ணும் இருக்கிறது. மாப்பிள்ளை நாலு மாதமாக வெளியூரில் இருக்கிறார், எந்த ஊர் என்று ஒரு கடிதத்திலும் இல்லை. அவர் உன்னோடு இல்லை, நீ அந்த அறையில் தனியாக இருக்கிறாய். தப்பாகச் சொல்லியிருந்தால் என்னைத் திட்டி எழுது, சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறேன்.

உன்னிடம் கேட்கும் முன் நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். போன கடிதத்தில், அம்மா மாடியில் துணி காயப்போடுகிறாள், அதனால் அவள் கையால் இரண்டு வரி இல்லை என்று எழுதினேன். பொய். குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு எலும்பில் விரிசல் விட்டு மாவுக்கட்டு போட்டிருக்கிறாள். நீ பதறுவாய் என்று மறைத்தேன். இனி மறைக்க மாட்டேன், நீயும் மறைக்காதே. தோற்றுவிட்டேன் என்று எழுத வேண்டும்போல் இருந்தால் அப்படியே எழுது. இந்த வீட்டில் சிவப்புப் பென்சில் கிடையாது. உன் கடிதத்தில் நான் ஊகித்ததை அம்மாவிடம் நேற்றுத்தான் சொன்னேன். அழுவாள் என்று பயந்தேன். "எனக்கு முதல் தரம் படிச்சப்பவே தெரியும், நீங்க தாங்க மாட்டீங்கன்னு சொல்லலை" என்கிறாள். இந்தக் குடும்பத்தில் எல்லாருமே பத்திரிகை நடத்தியிருக்கிறோம்.

முன் அறையில் என் பழைய காகிதக் கட்டுகளை எல்லாம் அள்ளி எடைக்குப் போட்டுவிட்டேன். உன் கட்டில் அங்கே தாராளமாகக் கொள்ளும். எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இரு, எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. வேளாவேளைக்குச் சாப்பிடு. டிக்கெட் எடுத்ததும் ரயில் நேரத்தை எழுது, மறந்துவிடாதே. கீழே கோணல்மாணலாக இருப்பது அம்மா இடது கையால் எழுதியது. காலையிலிருந்து உட்கார்ந்து இதைத்தான் எழுதினாள்.

உன் அன்பு அப்பா

வந்துடும்மா