வீல் கப்புக்குள் மூன்று கற்கள்

மார்ச் 3

அப்பாவுடைய காரின் வீல் கப்புக்குள் மூன்று கூழாங்கற்களைப் போட்டேன். ஓடினால் கடகட, நின்றால் கப்சிப். தெருமுனை போவதற்குள் அப்பா நாலு தடவை இறங்கிக் குனிந்து நிமிர்ந்தார். தண்டால் எடுக்காத குறை. சக்கரத்தை ஆள்பவள் நான். இனி என்னைச் சக்கரவர்த்தினி என்றே அழைக்கவும்.

மார்ச் 5

மெக்கானிக் கடை. "சத்தம் என்ஜின்லதாங்க," என்று அப்பாவே அடித்துச் சொன்னார். மெக்கானிக் என்ஜினின் மேல்மூடியைக் கழற்றினார். விளையாட்டு இவ்வளவு தூரம் போகும் என்று நான் நினைக்கவேயில்லை. இருவரும் உள்ளே தலையை விட்டிருந்தபோது, வீல் கப்பை நெம்பிக் கற்களை எடுத்துவிட்டேன்.

திரும்பும் வழியெல்லாம் அப்பாவுக்கு வாயெல்லாம் பல். "கைராசிக்காரன்டி! தொட்டான், சத்தம் போச்சு!"

மார்ச் 8

டிக் டிக் டிக்.

நான் ஒன்றும் போடவில்லை! என்ஜின் மட்டும் ஓட, கார் நின்றுகொண்டுதான் இருந்தது. என் கற்களைத்தான் எடுத்துவிட்டேனே? இருந்தாலும் கார் நின்றால் அவை சத்தம் போடாதே?

மார்ச் 9

கருகல் வாடை. பானட் இடுக்கில் மெல்லிசாகப் புகை. மெக்கானிக் கழற்றிய அந்த மூடியைச் சரியாக மூடவில்லையோ?

அப்பாவிடம் சொன்னேன். "அதான் திறந்து பாத்துட்டானே. உனக்கு எல்லாமே விளையாட்டு."

நாளை மறுநாள் அம்மாவும் அப்பாவும் அக்காவின் பிரசவத்துக்குப் போகிறார்கள். மலைப்பாதை. இதே கார்.

மார்ச் 10

கல்லு விஷயத்தைச் சொன்னா அப்பா தோலை உரிச்சிடுவார். சொல்லலைன்னா — மலையில வண்டி தீப்பிடிச்சா?

மார்ச் 11

அம்மா ஏறி உட்கார்ந்துவிட்டாள். நான் காருக்கு முன்னால் போய் நின்றேன்.

"தள்ளு, நேரமாச்சு," என்றார் அப்பா.

"அப்பா, அன்னிக்கு என்ஜின்ல ஒண்ணுமே இல்ல. வீல் கப்புல கல்லு. நான்தான் போட்டேன். சும்மா இருந்ததைத் திறந்து, இப்பதான் நிஜமாவே கெட்டுப்போச்சு."

அடிக்கவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. பானட்டைத் தூக்கி, ஆயில் பார்க்கும் கம்பியை உருவினார். நுனியில்கூட ஈரமில்லை. மூடியின் ஓரமெல்லாம் ஆயில் வழிந்து, சூட்டில் கருகியிருந்தது.

"இறங்கு," என்றார் அம்மாவிடம். பஸ்ஸில் போனார்கள்.

மார்ச் 12

பெண் குழந்தை. அம்மா போனில் சொன்னாள். அப்பா போனை வாங்கவில்லை.

மார்ச் 19

அப்பா ஊரிலிருந்து திரும்பியதும் என்ஜின் மூடிக்குப் புது ரப்பர். புது ஆயில். எட்டு நாளாக அப்பா என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

இன்று காலை என்ஜினை ஓடவிட்டு, பானட்டைத் தூக்கியபடி நின்றார்.

"ஏய், இங்க வா. கிட்ட வந்து கேளு."

குனிந்தேன்.

"என்ன கேக்குது?"

"ஒண்ணும் இல்லப்பா."

அவர் காரில் ஏறவில்லை. "அவசரமில்ல. நல்லாக் கேட்டுச் சொல்லு. நீ சொன்னப்புறம்தான் வண்டிய எடுப்பேன்."

மறுபடியும் குனிந்தேன்.